சாலையில் ஓடும் காருக்கு எந்தப் பெல்ட்: மூன்று முனையா, நான்கா, ஆறா?

பந்தயக் காரில் ஓட்டுநரின் இரு தோள்களையும் அழுத்திப் பிடிக்கும் ஹார்னஸைத் தங்கள் அன்றாடக் காரிலும் பொருத்த நினைப்பவர்கள், நான்கு முனை (அதாவது காரோடு பிணைக்கும் இடங்கள் நான்கு) போதுமா, ஆறு முனை வேண்டுமா என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறார்கள். காரோடு வந்த மூன்று முனை சீட் பெல்ட்டும் இந்தப் போட்டியில் இருக்கிறது என்பதை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அதையும் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றும் எந்த இருக்கையில், எந்தக் கூரையின் கீழ், எந்த வேலைக்காகப் பயன்படப் போகிறது என்று பார்த்தால், கடையில் அடுக்கி வைத்திருக்கும்போது தோன்றும் தரவரிசை கணிசமாக மாறிவிடுகிறது. பெல்ட்டின் வேலை இருக்கை, ஏர்பேக், கூரை, தலைக்கவசம் ஆகியவற்றின் வேலையோடு பிரிக்க முடியாதபடி பின்னியிருப்பதே இதற்குக் காரணம்.

காரோடு வந்த பெல்ட்

வால்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின் 1959-இல் வடிவமைத்த மூன்று முனை பெல்ட்டின் அடிப்படை அமைப்பு இன்றும் மாறவில்லை என்றாலும், அதனுடன் பின்னர் சேர்ந்த துணைக்கருவிகள் அதன் திறனைக் கணிசமாக உயர்த்தியிருக்கின்றன. மோதல் உணரப்பட்டதும் பிரிடென்ஷனர் ஒரு சிறு வெடிப்பின் விசையால் பெல்ட்டின் தளர்வை உள்ளிழுத்துக்கொள்கிறது. அதன்பின் மார்பின்மேல் விழும் விசை ஓர் அளவைத் தாண்டும்போது லோட் லிமிட்டர் பெல்ட்டைக் கட்டுப்பாட்டுடன் சற்றே வெளியே விடுகிறது. அவ்வாறு முன்னே வரும் தலையையும் மார்பையும், ஏறத்தாழ 30 மில்லி விநாடிகளில் விரிந்துவிடும் ஏர்பேக் ஏந்திக்கொள்கிறது. உடல் எவ்வளவு தூரம், எந்தப் பாதையில் முன்னே வரும் என்பதைக் கணக்கிட்டே ஏர்பேக்கின் அளவும் விரியும் நேரமும் தீர்மானிக்கப்படுகின்றன. தலைக்கவசம் அணியாத ஒருவரை, சாதாரண உட்புறம் கொண்ட காரில் காப்பாற்றுவதற்கு இந்த அளவு சோதித்துப் பார்க்கப்பட்ட ஏற்பாடு வேறில்லை.

அதன் குறை வேறிடத்தில் இருக்கிறது. வேகமாக வளைவில் திரும்பும்போது அது உடலைப் பிடிப்பதே இல்லை. மெதுவாக இழுத்தால் தாராளமாக நீளும்படியே பெல்ட்டைச் சுற்றிவைக்கும் சுருளி அமைந்திருப்பதால், ஓட்டுநர் ஸ்டியரிங்கைப் பற்றித் தொங்கியும் முழங்காலைக் கதவில் ஊன்றியும் தன்னை நிலைநிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஸ்டியரிங்கைப் பிடிப்புக்கம்பியாகப் பயன்படுத்தும் கைகளால் டயர் சொல்லும் நுண்ணிய செய்திகளை உணர முடியாது. ஹார்னஸை நாடுபவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையான தேவை இந்தப் பிடிப்புதான் என்பதும், மோதல் பாதுகாப்பு என்பது பிறகு சேர்த்துக்கொள்ளும் நியாயம் என்பதும் என் எண்ணம். பிடிப்புதான் வேண்டும் என்றால், இடுப்பையும் விலாவையும் இருபுறமும் நன்றாக ஏந்தும் இருக்கை ஒன்றே பெரும்பகுதி வேலையை முடித்துவிடும். செலவில்லாத வழியும் உண்டு: இருக்கையைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிப் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, அதை வெடுக்கென்று இழுத்துச் சுருளியைப் பூட்டவைத்து, அந்தப் பூட்டு விடுபடாமல் இருக்கையை மீண்டும் முன்னுக்கு நகர்த்தினால் பெல்ட் உடலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

நான்கு முனை

இரண்டு தோள் வார்களும் இரண்டு இடுப்பு வார்களும் கொண்ட சாதாரண நான்கு முனை ஹார்னஸ், விலையிலும் தோற்றத்திலும் இரண்டுக்கும் நடுவே நிற்பதால், பாதுகாப்பிலும் நடுவில்தான் நிற்கும் என்று பலர் கருதுகிறார்கள். என் மதிப்பீட்டில் இது வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியது. இரு தோள் வார்களும் வயிற்றுக்கு நடுவே உள்ள ஒரே பக்கிளில் வந்து சேர்கின்றன. அவற்றை இறுக்கும்போதே அந்தப் பக்கிள் மேலே இழுக்கப்பட்டு, இடுப்பெலும்பின்மேல் தாழ்ந்து கிடக்க வேண்டிய இடுப்பு வாரையும் தன்னோடு தூக்கிக்கொண்டு வருகிறது. முன்புற மோதலில் மேலுடல் இரு தோள்களிலும் சமமாகத் தடுக்கப்பட, இடுப்போ வாரின் அடியில் நழுவி முன்னே செல்கிறது; எலும்பைப் பிடிக்க வேண்டிய வார் குடலையும் கல்லீரலையும் அழுத்துகிறது. மூன்று முனை பெல்ட்டில் ஒரு தோள் மட்டும் பிடிபடுவதால் மேலுடல் சற்றே திரும்பி முன்னே சாய்கிறது, இடுப்பு பின்தங்குகிறது. பார்வைக்குக் குறைபாடாகத் தோன்றும் அந்தச் சமச்சீரின்மைதான் வயிற்றைக் காக்கிறது.

இந்தத் தத்துவத்தையே நான்கு முனைக்குள் கொண்டுவந்தது ஜெர்மனியின் ஷ்ரோத் நிறுவனம். அதன் நான்கு முனை மாதிரிகளில், உட்புறத் தோள் வாரில் ஒரு மடிப்பு தைக்கப்பட்டிருக்கிறது. மோதலின் விசையில் அந்தத் தையல் பிரிந்து வார் சற்று நீளும்போது அந்தத் தோள் முன்னே செல்கிறது, உடல் திரும்புகிறது, இடுப்பு தன் இடத்திலேயே நிற்கிறது. குறிப்பிட்ட கார்களுக்கென, அவற்றின் அசல் இருக்கையோடு பயன்படுத்தும்படி அந்நிறுவனம் விற்கும் சில மாதிரிகள், சீட் பெல்ட்டுகளுக்கான ஐக்கிய நாடுகளின் 16-ஆம் எண் ஒழுங்குவிதியின் சான்றும் பெற்றவை. அசல் இருக்கையை மாற்ற விரும்பாதவருக்கு, நான்கு முனை வகையில் கவனத்துக்குரியது இது ஒன்றே. ஆனால் இந்தச் சான்று அந்தந்தக் காருக்கு மட்டுமே உரியது. இன்னொரு காரில் பொருந்துவது போலத் தோன்றுவதால் அங்கும் செல்லுபடியாகும் என்று கொள்ளக் கூடாது.

ஐந்தும் ஆறும்

கால்களுக்கு இடையே கீழிறங்கும் கவட்டு வார் சேர்ந்ததும் நான்கு முனையின் அடிப்படைக் குறை நீங்கிவிடுகிறது, ஏனெனில் பக்கிளை மேலே எழவிடாமல் கீழிருந்து ஒன்று இழுத்துப் பிடித்திருக்கிறது. ஐந்து முனையில் அது ஒற்றை வார். ஆறு முனையில் இரண்டாகப் பிரிந்து இரு தொடைகளின் உட்புறமாக இறங்குகிறது. ஒற்றை வாரில் மோதலின் விசை எந்த இடத்தில் விழும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இடுப்பின் இருபுறமும் விசையைப் பகிர்ந்துகொள்ளும் ஆறு முனை, ஐந்து முனையைவிட எல்லா வகையிலும் மேலானது என்பதால் இவ்விரண்டையும் இதற்குமேல் ஒப்பிட அவசியமில்லை.

ஆறு முனையின் உண்மையான விலை அதைச் சுற்றித் தேவைப்படும் மாற்றங்களில் இருக்கிறது. கவட்டு வார் இருக்கையின் அடிப்பகுதியில் உள்ள துளை வழியே இறங்க வேண்டும்; தோள் வார்கள் முதுகுப்பகுதியின் துளைகள் வழியே சரியான உயரத்தில் பின்னே செல்ல வேண்டும். அசல் இருக்கையில் பெரும்பாலும் இவ்விரண்டுமே கிடையா. அதன் சாய்வுப் பொறியும் இத்தகைய விசைக்கென வடிவமைக்கப்பட்டதன்று. எனவே சாயாத முதுகு கொண்ட பக்கெட் சீட் கட்டாயமாகிறது, அதோடு அசல் இருக்கையில் இருந்த பக்கவாட்டு ஏர்பேக்கும் போய்விடுகிறது.

அடுத்தது, தோள் வார்களை எங்கே கட்டுவது என்பது. பின்னிருக்கைப் பெல்ட்டின் தரைப் போல்ட்டுகள் தயாராக இருப்பதால் வார்களை அங்கே இறக்கிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இதைவிட ஆபத்தான குறுக்குவழி இல்லை: மோதலின்போது செங்குத்தாக இறங்கும் வார், தோளைப் பின்னே பிடிப்பதோடு கீழேயும் இழுத்து முதுகெலும்பை அமுக்குகிறது. முதுகுப்பகுதியின் மேல் விளிம்பிலிருந்து பின்னோக்கிச் செல்லும் தோள் வாரின் சரிவு கிடைமட்டத்திலிருந்து 45 பாகையைத் தாண்டக் கூடாது என்பதும், 10 பாகைக்குள் இருப்பதே விரும்பத்தக்கது என்பதும் பன்னாட்டு மோட்டார் கூட்டமைப்பான எஃப்ஐஏவின் விதி. புதிதாகத் துளையிட்டுப் பொருத்தும் ஒவ்வொரு முனைக்கும் குறைந்தது 40 சதுர செ.மீ. பரப்பும் 3 மி.மீ. தடிமனும் கொண்ட எஃகுத் தகட்டை அதே விதிகள் கேட்கின்றன. மெல்லிய தரைத் தகட்டில் ஒரு வாஷரை மட்டும் வைத்து முடுக்கிய போல்ட், விசை வரும்போது தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். வார் நீளமாக இருக்கும் அளவுக்கு அது மோதலில் நீட்சியடையும் என்பதால், இருக்கைக்கு அருகிலேயே கட்டும் இடம் அமைவது நல்லது. இதற்காகவே கதவுத் தூண்களுக்கு இடையே பொருத்தும் ஹார்னஸ் பார் விற்கப்படுகிறது. அது வார்களுக்கு உரிய உயரத்தைத் தருகிறது, கூரைக்கு எந்த வலுவையும் தருவதில்லை. அதைப் பொருத்திய பின் பின்னிருக்கையில் ஒருவர் அமர்ந்தால், அவருடைய தலைக்கு நேரே ஓர் இரும்புக் குழாய் நிற்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

கூரையைப் பற்றிய விவாதம்தான் மிகவும் சூடானது. கார் உருண்டு கூரை உள்ளே அமுங்கும்போது, மூன்று முனை பெல்ட் அணிந்தவரின் மேலுடல் பக்கவாட்டில் சாய ஓரளவு இடமிருக்கிறது. ஆறு முனை அணிந்தவர் நிமிர்ந்த நிலையிலேயே கட்டுண்டிருக்கிறார், கூரையின் சுமை தலை வழியாகக் கழுத்தில் இறங்குகிறது. இன்றைய கார்களின் கூரை முன்பைவிட வலிமையானது என்ற எதிர்வாதத்தில் உண்மை இருக்கிறது. எனினும், ஹார்னஸ் அணிந்தவர் சாய முடியாது என்பதை ஈடுகட்டும் அளவுக்கு ஒரு காரின் கூரை போதுமானதா என்று வாங்குபவரால் சோதித்துப் பார்க்க முடியாது என்பதால், ரோல் பார் (கார் உருண்டால் கூரையைத் தாங்கும் குழாய்) இல்லாத மூடிய காரில் ஆறு முனையை நான் ஏற்கமாட்டேன். ரோல் பாரைப் போட்டாலோ வேறொரு சிக்கல் பிறக்கிறது: பந்தயத்தில் தலைக்கவசம் அணிந்தவருக்கு உயிர்க்காப்பாக இருக்கும் குழாய், சாலையில் வெறுந்தலையோடு, தளர்ந்த பெல்ட்டோடு ஓட்டுபவருக்குப் பக்கத்திலிருந்து ஒரு சிறு மோதல் வந்தாலே மண்டையை உடைத்துவிடக்கூடும். முன்புறக் குழாய்களும் கொண்ட முழு ரோல் கேஜ் அன்றாடக் காருக்கு ஆகாது என்று சொல்வதற்கு இது ஒன்றே போதும். இருக்கைகளுக்குப் பின்னால், தலைக்கு எட்டாத தூரத்தில் நிற்கும் பின்புற ரோல் பார் மட்டுமே இதில் சமரசத்துக்கு உரியது.

கழுத்தின் கணக்கு இன்னும் கடுமையானது. மேலுடலை அசையவிடாமல் பிடித்தால், முன்புற மோதலில் முன்னே பாய்வது தலை மட்டுமே. அதன் விசை முழுவதும் கழுத்திலும் மண்டையின் அடிப்பகுதியிலும் விழுகிறது. 2001 பிப்ரவரியில் டேடோனா பந்தயத்தில் அமெரிக்கப் பந்தய ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் உயிரிழந்தது அடிமண்டை எலும்பு முறிவால்தான். பேராசிரியர் ராபர்ட் ஹப்பார்டும் பந்தய ஓட்டுநர் ஜிம் டவுனிங்கும் 1980-களில் உருவாக்கிய, கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி, 2001 முதலே பெரும் பந்தயங்களில் கட்டாயமாகத் தொடங்கியது. ஃபார்முலா ஒன்றில் 2003 முதல். தலைக்கவசத்தைத் தோளில் அமரும் சட்டகத்தோடு வாரால் பிணைத்து, அந்தச் சட்டகத்தின்மேல் ஹார்னஸின் தோள் வார்களைப் போட்டு இறுக்கும்போதுதான் அது வேலை செய்கிறது. சாலையில் யாரும் தலைக்கவசமும் ஹான்ஸும் அணிந்து ஓட்டப் போவதில்லை. ஆகவே சாலையில் அணியும் ஆறு முனை, தனக்குரிய துணைகளில் பாதியை இழந்த நிலையிலேயே பயன்படுகிறது.

அன்றாடப் புழக்கத்தில்

சந்திப்பில் எட்டிப் பார்க்கவும், பின்னால் திரும்பிப் பார்த்துக் காரை எடுக்கவும், சற்றுத் தள்ளியிருக்கும் பொத்தானைத் தொடவும் மேலுடல் அசைய வேண்டும். ஆறு முனையை உரிய இறுக்கத்தில் அணிந்தால் இவை எதுவும் இயலாது. எனவே நாளடைவில் கைகள் தாமாகவே தோள் வார்களைத் தளர்த்திவிடுகின்றன. தளர்ந்த ஹார்னஸுக்குச் சுருளியும் இல்லை, பிரிடென்ஷனரும் இல்லை, ஆகவே அது மூன்று முனை பெல்ட்டைவிடத் தெளிவாகவே மோசமானது. மேலும், அசல் பக்கிளில் உள்ள சென்சார் வழியாகவே காரின் கணினி பெல்ட் மாட்டியிருப்பதை அறிகிறது. அதை மாட்டாமல் ஹார்னஸை மட்டும் அணிந்தால், பெல்ட் அணியாதவருக்கு என வகுத்த முறையில் சில கார்கள் ஏர்பேக்கை இயக்கக்கூடும். சாலையில் ஓடும் காரின் பெல்ட் அந்த நாட்டின் சாலைத் தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பதால், பந்தயச் சான்று மட்டுமே கொண்ட ஹார்னஸை அசல் பெல்ட்டுக்குப் பதிலாகப் பொருத்துவது பல இடங்களில் சட்டத்துக்கும் காப்பீட்டுக்கும் ஒவ்வாது.

இரண்டையும் வைத்துக்கொள்வதே நான் தேர்ந்தெடுக்கும் வழி: சாலைக்கு அசல் மூன்று முனை, பந்தயத் தடத்துக்கு ஆறு முனை, அதற்குரிய பக்கெட் சீட், பின்புற ரோல் பார், தலைக்கவசம், ஹான்ஸ். போர்ஷே நிறுவனமே தன் 911 ஜிடி3 காருக்கு அளிக்கும் கிளப்ஸ்போர்ட் தொகுப்பு இந்த வழியில்தான் அமைந்திருக்கிறது. ஓட்டுநருக்கு ஆறு முனை ஹார்னஸும் பின்புற ரோல் கேஜும் அதில் வருகின்றன, மூன்று முனை பெல்ட்டும் இருக்கிறது. இரண்டு பெல்ட்டுகளையும் ஒரே நேரத்தில் அணியக் கூடாது. பயன்படாத வார்கள் ஸ்டியரிங்கின் பின்னாலோ கதவின் இடுக்கிலோ சிக்காதபடி கட்டிவைக்க வேண்டும். பக்கெட் சீட் வாங்கும்போதும் அசல் பெல்ட்டின் இடுப்பு வார் அதன் பக்கச் சுவரின்மேல் தூக்கி நிற்காமல் இடுப்பில் தாழ்ந்து படிகிறதா என்று உட்கார்ந்து பார்த்தே வாங்க வேண்டும்.

இதற்கெல்லாம் இடமோ பணமோ இல்லாதவர் அசல் பெல்ட்டோடு நிற்பதில் குறைவொன்றுமில்லை. ஆறு முனையை வாங்குபவர் எஃப்ஐஏவின் 8853-2016 தரத்துக்கு உட்பட்டதை வாங்கி, லேபிளில் அச்சிட்ட காலாவதி ஆண்டைக் குறித்துக்கொள்ளட்டும். அந்தச் சான்று ஐந்து ஆண்டுகளுக்குரியது. அமெரிக்காவின் எஸ்எஃப்ஐ 16.1 தரத்துக்கோ இரண்டே ஆண்டுகள். வெயிலும் உராய்வும் நூலைத் தளரச் செய்கின்றன, ஒரு பெரிய மோதல் கண்ட வாரோ வெளியில் எந்தச் சேதமும் தெரியாவிட்டாலும் மாற்றப்பட வேண்டியதே. அன்றாடம் வெயிலில் நிற்கும் காரில், பந்தயத் தடத்துக்குச் செல்லும் நாள்வரை ஹார்னஸைக் கழற்றி நிழலில் வைப்பதற்கு வசதியாக, கொக்கி வகை முனைகள் கொண்டதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.