தீர்ப்பில் வீடு அவருக்கு, சிபிலில் கடன் எனக்கும்

பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு மனுப் போட்டவர்கள், வீட்டுக் கடனில் இருவர் பெயரும் இருந்தால், கடைசிக் கையெழுத்துக்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

2016-ல் நானும் கணவரும் கோவையில் ஃப்ளாட் வாங்கினோம். கடன் 32 லட்சம், தவணை 28 ஆயிரத்துச் சொச்சம். என் சம்பளத்தையும் காட்டினால்தான் அவ்வளவு கிடைக்கும் என்பதால் நானும் இணைக் கடனாளி. பிரியும்போது, வீடு அவருக்கு, மிச்சக் கடனை அவரே கட்டுவார் என்று மனுவில் எழுதினோம். நீதிமன்றமும் ஏற்றுத் தீர்ப்புக் கொடுத்தது. இரண்டு வருடம் அலைந்து களைத்திருந்த எனக்கு, அதோடு முடிந்தது என்றுதான் தோன்றியது.

தீர்ப்பு நகலோடு வங்கிக் கிளைக்குப் போய், என் பெயரை எடுக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தேன். கடன் பிரிவில் இருந்தவர் வாங்கிக் கோப்பில் செருகிக்கொண்டு, "பண்ணிடலாம் மேடம், நீங்க திரும்ப வரத் தேவையில்லை" என்றார். கடிதத்தின் நகலில் சீல் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

எட்டு மாதம் கழித்து ஸ்கூட்டர் வாங்கப் போனேன். ஷோரூம் பையன் கணினியைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "லோன் ரிஜெக்ட் ஆகுதுக்கா" என்றான். வீட்டுக்கு வந்து, என் பெயரிலுள்ள கடன்களை எப்படிக் கட்டியிருக்கிறோம் என்று காட்டும் சிபில் அறிக்கையை எடுத்தேன். மாதத்துக்கு ஒரு கட்டம். அதில் எத்தனை நாள் பாக்கி என்ற எண் இருக்கும். வரிசையாக 000 என்று வந்துகொண்டிருந்தது, கடைசி இரண்டு கட்டத்தில் 025, 056 ஆகியிருந்தது. அவர் தவணை கட்டுவதை நிறுத்திவிட்டார். 90 நாள் தாண்டினால் வாராக்கடன். அப்புறம், அடமான வீட்டை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டப்படி வரும் 60 நாள் நோட்டீஸ் எனக்கும் சேர்த்துத்தான்.

கிளைக்கு ஓடினேன். அதே ஆள், "அப்படி லெட்டர் எதுவும் வரலையே" என்றார். மேலாளர்தான் விளக்கினார்: மனுவில் எழுதியது உங்கள் இருவருக்குள் உள்ள ஒப்பந்தம், வங்கி அதில் கையெழுத்துப் போடவில்லை, முழுப் பாக்கியையும் யாரிடம் வேண்டுமானாலும் கேட்போம். அவர் சம்பளம் மட்டுமே கடனுக்குப் போதும் என்று வங்கி ஒத்துக்கொண்டால்தான் என் பெயரை விடுவிப்பார்களாம். இல்லையென்றால் வீட்டை விற்று அடைக்க வேண்டும், அல்லது அவர் கடனைத் தன் பெயரில் மட்டும் வேறு வங்கிக்கு மாற்ற வேண்டும். இதை முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்! என் வக்கீலும் சொல்லவில்லை. வளையலை அடகு வைத்து, நான் குடியில்லாத வீட்டுக்கு இரண்டு தவணை கட்டினேன்.

பரஸ்பர சம்மத விவாகரத்துக்கான இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில் முதல் மனுவுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஆறு மாதம் இருக்கிறது. கடன் விஷயத்தை அதற்குள் முடியுங்கள். கடன் அவர் பெயருக்கு மட்டும் மாறிவிட்டது அல்லது அடைந்துவிட்டது என்று வங்கி எழுதிய கடிதம் கைக்கு வந்த பிறகே இரண்டாவது மனுவில் கையெழுத்து என்று வக்கீலிடம் உறுதியாகச் சொல்லுங்கள். அந்த ஆறு மாதத்தை வேண்டாம் என்று தள்ளுபடி செய்யக் கேட்கலாம் என்பார்கள், கடன் பாக்கி இருந்தால் அவசரப்படாதீர்கள். தீர்ப்பு வந்துவிட்டால் எதிராளிக்கு அவசரம் போய்விடும்.

கூட்டுக் கணக்கு, யார் ஒருவர் கையெழுத்துப் போட்டாலும் பணம் எடுக்கலாம் என்ற 'இருவரில் ஒருவர்' முறையில் இருந்தால், பிரிந்த அன்றே வங்கிக்கு எழுதிக் கொடுத்து, இருவர் கையெழுத்தும் வேண்டும் என்று மாற்றுங்கள். எங்கள் கணக்கில் இருந்த 1,86,000 ரூபாய் ஒரே நாளில் போனது, எடுத்ததில் தப்பில்லை என்றது வங்கி. பிஎஃப், எல்ஐசி நாமினியையும் பாருங்கள், தீர்ப்பு வந்ததும் அவை தானாக மாறாது.

எந்தக் கடிதமானாலும் சீலோடு நகல் வாங்குங்கள். எழுத்துப் புகாருக்கு 30 நாளில் பதில் இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். சிபில் அறிக்கை வருடத்துக்கு ஒருமுறை இலவசம்.

தீர்ப்பை நிறைவேற்றக் கோரிக் குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கிறேன். கடனை வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்வதாக அவர் அங்கே சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதி காலை எழுந்ததும் அந்தக் கடன் கணக்கைத் திறந்து, தவணை விழுந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் காப்பி போடுகிறேன்.