கியூ பை: மூன்று வருடத் தேய்மானத்துக்குப் பிறகு

பில்லியர்ட்ஸ் மேசையில் பந்தை அடிக்கும் கோல்தான் கியூ; அதை வைக்கும் பையின் தோல்தான் கோலாலம்பூர் காற்றில் முதலில் சாகும். செயற்கைத் தோல், அதாவது பியு, கடையில் பளபளவென்று இருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் தோள்வார் உராயும் இடத்தில் வெங்காயச் சருகு மாதிரி உரியத் தொடங்கும். ஈரமும் சூடும் சேர்ந்து அந்தப் பூச்சை உள்ளிருந்தே சிதைக்கின்றன, அதனால் எவ்வளவு துடைத்தாலும் நிற்காது. எங்கள் 2x4 பை மூன்றாம் வருடம் இந்தக் கதிக்கு வந்தது. நைலான் பை பார்க்க ஒரு படி கீழேதான், ஆனால் உழைக்கும். அசல் தோல் அப்படி உரியாது, பூசணம் பிடிக்கும். மாதம் ஒருமுறை துடைத்துக் காற்றாட வைக்கச் சோம்பல் உள்ளவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கியூவின் கைபிடிக்கும் அடித்துண்டு பட், பந்தை அடிக்கும் மேல்துண்டு ஷாஃப்ட். 2x4 என்றால் இரண்டு பட், நான்கு ஷாஃப்ட் வைக்கும் குழாய்கள். ஆடுவதற்கு ஒரு கியூ, பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடியான பிரேக்குக்கு ஒன்று என்றால் 2x2 போதும். பந்தைத் தாவவைக்கும் தனி ஜம்ப் கியூ வாங்கினால் அதன் கைப்பிடிக்கு மூன்றாவது பட் குழாய் வேண்டும். பிரேக்கும் ஜம்பும் சேர்ந்த மூன்று துண்டு கியூ என்றால் 2x4இலேயே அடங்கிவிடும். நடுவில் பிரியாமல் முக்கால் நீளத்தில் பிரியும் ஸ்னூக்கரின் முக்கால் ஜாயின்ட் கியூ இதில் நுழையவே நுழையாது. அதன் மேல்துண்டு மட்டுமே 40 அங்குலத்தைத் தாண்டும்.

நீளத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 58 அங்குல கியூவைக் கழற்றினால் தலா 29. பட்டின் நுனியில் திருகாணி நீட்டிக்கொண்டிருக்கும், அதன்மேல் இணைப்பைக் காக்கும் ஜாயின்ட் மூடி வேறு. ஆகவே உள்நீளம் 31 அங்குலத்துக்குக் குறைந்தால் பை மூடும்போது மேல்மூடி திருகாணியை அழுத்தும். மூடி தடிமனாக இருந்தால் ஷாஃப்ட் குழாயில் சிக்கிக்கொள்ளும். கடைக்குச் சொந்த கியூவை மூடியோடு கொண்டுபோங்கள். உள்ளே போட்டு ஜிப்பை இழுத்துவிட்டுப் பையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். டக் டக்கென்று சத்தம் வந்தால் குழாய் அகலம், அல்லது அடியில் மெத்தை இல்லை. அந்தப் பையைத் திருப்பி வைத்துவிடலாம்.

உள்துணியை விரலால் தடவுங்கள். மொழுமொழுவென்ற வெல்வெட் ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். வியர்த்த கையோடு ஆடிய ஷாஃப்டைத் துடைக்காமல் செருகினால் அந்த ஈரமெல்லாம் மரத்துக்குத்தான் போகும். ஒரு பக்கம் கூடுதலாக ஈரம் ஏறினால் மரம் வளையும். கார்பன் ஷாஃப்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதன் பட் மரம்தானே! சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் பக்கப் பையில் போட்டுப் பயனில்லை. குழாய் வாய்மேல் வையுங்கள், மணிகள் நிறம் மாறியதும் மாற்றுங்கள்.

எடைக்கு வருவோம். ஒரு கியூ 19 அவுன்ஸ், அதாவது 540 கிராம் அளவு. இரண்டு கியூவும் கெட்டிப் பையும் சேர்ந்தால் மூன்று கிலோவைத் தொடும். மஸ்ஜிட் ஜாமெக்கில் ரயில் மாறும்போது ஒற்றை வார் தோளை அறுக்கும். முதுகில் மாட்டும் இரட்டை வாருக்குக் கூடுதலாகச் சில ரிங்கிட் கொடுத்தாலும் தகும். அடியில் ரப்பர் கால் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் மாமாக் உணவுக்கடை டைல்ஸ் தரையில் சாத்தி வைத்த பை சறுக்கி விழும்.

மோட்டாரில் மழையில் போனால் தண்ணீர் தையல் வழியாக இறங்கி அடிமெத்தையில், பட்டின் அடி ரப்பரான பம்பர் உட்காரும் இடத்தில் தேங்கும். ஒரு பெரிய குப்பைப் பை கைவசம் இருந்தால் போதும். காரில் விட்டுப் போகவே போகாதீர்கள். வெயிலில் நின்ற காருக்குள் சூடு 60 டிகிரி வரை ஏறலாம், கியூ நுனியில் ஒட்டிய டிப்பின் பசை இளகும்.

மாதம் ஒருமுறை பையைக் காலியாக்கித் தலைகீழாகப் பிடித்து அடியில் தட்டுங்கள். கியூ நுனியில் தேய்க்கும் நீலச் சாக்குக்கட்டித் தூள் கொட்டும் அளவைப் பார்த்தால் ஷாஃப்ட் ஏன் பிசுபிசுக்கிறது என்று தெரிந்துவிடும்.