லிஃப்ட் கிட்டா, டயரா? செட்டிநாட்டுத் தரைக்கு எது சரி

தார், ஜிம்னி, கூர்க்கா என்று ஜீப் ரக வண்டி எதை வாங்கினாலும் முதல் சர்வீஸுக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும்: "அண்ணே, லிஃப்ட் கிட் போட்டு வண்டியை ரெண்டு இன்ச் தூக்கிரலாமா, இல்ல டயரை மட்டும் மாத்துனா போதுமா?" காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு என் பதில் டயர்தான். லடாக் பாறையில் ஏறுகிற வீடியோவைப் பார்த்துவிட்டு நம்ம ஊருக்கு வண்டி கட்டினால் காசும் போகும், ஆர்.சி.யும் சிக்கலில் மாட்டும்.

நம்ம பக்கம் பாறை ஏற்றம் அதிகம் கிடையாது. செம்மண்ணும் சரளையும் கலந்த வண்டிப்பாதை, அங்கங்கே செம்பராங்கல் துருத்திக்கொண்டிருக்கும். மணிமுத்தாறு போன்ற காட்டாறுகளில் மணல். அப்புறம் கண்மாய் உள்வாய் வண்டல், மேலே காய்ந்து வெடித்திருக்கும், உள்ளே களி. எல்லாவற்றுக்கும் நடுவில் சீமைக்கருவேல முள். இந்த நாலில் வண்டியின் உயரம் தீர்த்துவைக்கிற பிரச்சினை ரொம்பக் குறைவு.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கும் ஆர்.சி.யில் இருப்பதற்கும் முரண் வருகிற மாதிரி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தம் பிரிவு 182ஏ-வை மாற்றி எழுதியது: ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள். லிஃப்ட், பெரிய டயர், இரும்பு பம்பர் என்று மூன்றும் இருந்தால் மூன்று கணக்கு. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கேட்கிற முதல் கேள்வியும் இதைப் பற்றித்தான் இருக்கும்.

சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும் லிஃப்ட் கிட் எனக்கு ஒத்துவரவில்லை. ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடி உயரும், பம்பர் உயரும். ஆனால் ஜிம்னிக்கு முன்னும் பின்னும், தாருக்கும் கூர்க்காவுக்கும் பின்னால், இருப்பது ரிஜிட் ஆக்ஸில், அதாவது இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற ஒரே இரும்புத் தண்டு. அதன் நடுவில் தொங்குகிற டிஃபரன்ஷியல் குடம் (சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தருகிற கியர்ப் பெட்டி) டயரின் உயரத்தில்தான் நிற்கும். ரெண்டு இன்ச் லிஃப்ட் போட்டாலும் அது ஒரு மில்லிமீட்டர்கூட ஏறாது. டிராக்டர் போய் ஆழமாகிவிட்ட தடத்தில், நடுமேட்டில் தட்டுவது அந்தக் குடம்தான். போதாததற்கு ஜிம்னியில் கேஸ்டர் கோணம், அதாவது முன்சக்கரம் திரும்புகிற அச்சின் சாய்வு, மாறி, திருச்சி பைபாஸில் ஸ்டியரிங் அலையும். தாரின் முன்பக்கம் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்குகிற இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் என்பதால் டிரைவ் ஷாஃப்ட் சாய்வு கூடி, ஜாயின்ட் சீக்கிரம் தேயும்.

"அப்ப பெரிய டயர் போட்டா குடமும் ஏறுமே?" ஏறும், எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜிம்னிக்குக் கம்பெனி தருவது 195/80 ஆர்15, விட்டம் சுமார் 693 மி.மீ. பலர் ஆசைப்படுகிற 235/75 ஆர்15, சுமார் 733. வித்தியாசம் 40, அதில் பாதிதான் குடத்துக்குக் கிடைக்கும்: 20 மி.மீ. இதற்கு விலை: 1.5 லிட்டர் எஞ்சின் மூச்சு வாங்கும், திருப்பத்தில் டயர் உரசும், மீட்டர் 80 காட்டும்போது நிஜ வேகம் 84-ஐத் தாண்டும், கம்பெனி சொல்லாத அளவு என்பதால் பிரிவு 52-ம் வந்து நிற்கும்.

எனவே அளவை மாற்றாமல் ரகத்தை மாற்றுவதுதான் வழி. இங்கே நிஜப் போட்டி எல்லாத் தரைக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயருக்கும் சேற்றுக்கென்றே செய்த மட் டெரெய்ன் டயருக்கும்தான். கண்மாய் வண்டலில் மட் டெரெய்ன் ஜெயிக்கும், சந்தேகமே இல்லை. அதன் பட்டன்களுக்கு நடுவில் இடைவெளி அதிகம், சுற்றும்போதே களியை உதறிவிடும். ஆல் டெரெய்னில் களி அப்பிக்கொண்டு டயர் வழவழவென்று ஆகிவிடும். ஆனால் வருஷத்தில் அந்த வண்டலில் எத்தனை நாள் ஓட்டப்போகிறோம்? மீதி நாளெல்லாம் தார் ரோடும் சரளையும்தான். ஐப்பசி மழையில் நனைந்த தார் ரோட்டில் மட் டெரெய்ன் பிரேக் பிடிக்கிற தூரம் கூடும், சத்தமோ காதைத் துளைக்கும். என் ஓட்டு ஆல் டெரெய்னுக்கு.

மணலில் டயர் ரகத்தைவிடக் காற்றுதான் வேலை செய்யும். 32-லிருந்து 18, 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் டயர் தரையில் நீளமாகப் படியும், புதையாது. நம்ம ஊரில் ஒரு தொல்லை மட்டும் உண்டு. காற்றை இறக்கினால் டயரின் பக்கச்சுவர் பிதுங்கும், கருவேல முள் அங்கேதான் ஏறும். நடுப்பட்டனில் ஏறிய முள்ளுக்கு டியூப்லெஸ் பிளக் போதும், பக்கச்சுவரில் ஏறினால் ஸ்டெப்னிதான். அதனால் ஆற்றுமணலில் மட்டும் இறக்குங்கள், வேலிக்கருவைக்குள் நுழையும்முன் திரும்ப ஏற்றுங்கள். கையடக்கக் கம்ப்ரஸர் ஒன்று வண்டியில் இருக்கட்டும், அதற்கு எந்த ஆர்.டி.ஓ. அனுமதியும் தேவையில்லை. வாங்கும்போது பக்கச்சுவர் தடித்த எல்.டி. (லைட் டிரக்) ரகமாகப் பாருங்கள். தாருக்கு 245/75 ஆர்16, 255/65 ஆர்18 இரண்டையும் கம்பெனியே தந்திருக்கிறது. முதலாவதன் பக்கச்சுவர் உயரம் 184 மி.மீ., இரண்டாவதற்கு 166. அலங்காரத்துக்கு 18, மணலுக்கு 16.

இன்னும் வண்டியே வாங்காதவர் என்றால் கதை வேறு. டிஃப் லாக் (ஒரு சக்கரம் வழுக்கினாலும் இரண்டையும் சேர்ந்தே சுற்றவைக்கிற பூட்டு) வேண்டும் என்கிறவர் நேரே கூர்க்காவைப் பார்க்கலாம். முன்னும் பின்னும் கையால் போடுகிற லாக், எஞ்சினுக்குக் காற்றை உயரத்திலிருந்து எடுக்கிற ஸ்னார்க்கல் குழாய் எல்லாம் கம்பெனியிலிருந்தே வருவதால் யாரும் கேள்வி கேட்க முடியாது. தாரில் சில வேரியன்ட்டுகளில் பின்பக்க லாக் தானாக விழும். ஜிம்னியில் லாக் கிடையாது, வழுக்குகிற சக்கரத்துக்குப் பிரேக் போட்டுச் சமாளிப்பதோடு சரி, ஆனால் எடை சுமார் 1,200 கிலோதான். புதைகிற இடத்தில் எடை குறைந்த வண்டிக்கு இருக்கிற லாபத்தை நிறையப் பேர் கணக்கில் எடுப்பதில்லை.

பம்பருக்கு முன்னால் இரும்புக் கம்பி? 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு நடவடிக்கை எடுக்கச் சொல்லிவிட்டது. மஞ்சுவிரட்டுக்குப் போகிற வண்டிகளில் இன்னமும் மினுக்குகிறது, அது வேறு விஷயம்.

கடைசியாக, புதைந்த வண்டியை இழுக்க வின்ச்சா (பம்பரில் மாட்டுகிற மோட்டார் உருளை), கயிறா. வின்ச் மாட்ட இரும்பு பம்பர் வேண்டும், அங்கேயே சட்டம் இடிக்கிறது. மாட்டினாலும் இழுத்துக் கட்ட உறுதியான மரம் வேண்டும். கண்மாய்க்குள் கருவேலத்தைக் கட்டினால் அதுதான் வேரோடு வரும், பனை எல்லாம் கரை மேலே. அதற்குப் பதில் நல்ல கைனெடிக் கயிறும் (நீண்டு இழுபடுகிற மீட்புக் கயிறு) அதைக் கொக்கியில் மாட்ட இரண்டு ஷேக்கிள் வளையமும் போதும். கூப்பிட்டால் பக்கத்து வயலிலிருந்து டிராக்டர் வந்துவிடும். கயிற்றைக் கம்பெனி கொடுத்த கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். டிராக்டர்காரர் அவசரத்தில் ஆக்ஸிலைச் சுற்றிக் கட்ட வந்தால், "இருங்கண்ணே, நானே மாட்டுறேன்" என்று இறங்கிவிடுங்கள். கண்மாய்க் கரை மேல் மட்டும் வண்டியை ஏற்றாதீர்கள். வேட்டங்குடி மாதிரி பறவைகள் வருகிற கண்மாய்ப் பக்கம் சீசனில் போகவே வேண்டாம்.