ஜெல் சீட் என்று சொல்லி உள்ளே வைத்தது டிவி பெட்டி ஷீட்டை

மதுரையில் பைக் சீட்டை மாற்றக் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் 3,800 ரூபாய் கொடுத்து, சுமாராக இருந்த சீட்டை முழுசாகக் கெடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

என்னுடையது 350 சிசி வண்டி. வில்லாபுரத்திலிருந்து காளவாசல் போய்வர அந்தச் சீட்டில் ஒரு குறையும் இல்லை. ராமேஸ்வரம், கொடைக்கானல் என்று கிளம்பினால்தான் தொல்லை. எண்பது கிலோமீட்டர் தாண்டினால் உட்காரும் இடத்தில் இரண்டு பக்க எலும்பும் குத்த ஆரம்பிக்கும். பரமக்குடியில் டீக்கு இறங்கினால் திரும்ப ஏற மனசே வராது.

நகருக்குள் சீட் வேலை பார்க்கும் ஒரு கடைக்குப் போனேன். பேச்சு பிரமாதம். "கம்பெனி ஃபோம் வேஸ்ட்டு சார். உள்ள 80 டென்சிட்டி போட்டு, மேல ஜெல் வச்சுத் தர்றேன். கன்னியாகுமரி வரைக்கும் இறங்காமப் போலாம்." சாம்பிளுக்கு வைத்திருந்த சீட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கச் சொன்னார். அல்வா மாதிரி இறங்கியது. ஜிபேயில் 1,500 அட்வான்ஸ் போட்டேன். நான் அங்கேயே நிற்கிறேன் என்றதற்கு, "ஆள் நின்னா வேலை ஓடாது சார், ஆறு மணிக்கு வாங்க" என்றார். நானும் கிளம்பிவிட்டேன். அங்கேதான் ஏமாந்தேன். மேலே போர்த்தும் ரெக்சினை இழுத்து ஸ்டேப்ளர் பின் அடிப்பதற்கு முன்னால் பார்த்தால்தான் உள்ளே என்ன போகிறது என்று தெரியும். அடித்த பிறகு எல்லாச் சீட்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

சாயங்காலம் பார்த்தால் சிவப்பு நூலில் டைமண்ட் தையல் போட்டு அம்சமாக இருந்தது. மீதிப் பணத்தைக் கொடுத்தேன். பில் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு ராமேஸ்வரம். முன்பு எண்பது கிலோமீட்டரில் வந்த வலி இந்தத் தடவை மானாமதுரையிலேயே வந்துவிட்டது. அதாவது ஐம்பதிலேயே. பின்னால் இருந்த மனைவி சீட் சரிவில் வழுக்கி வழுக்கி என் முதுகில் வந்து முட்டினாள். திரும்பும்போது ராமநாதபுரம் தாண்டி நல்ல மழை. அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் சுள்ளென்று வெயில். சீட்டைத் தொட்டால் காய்ந்து சுடுகிறது. ஆனால் உட்கார்ந்து ஆபீஸ் போய் இறங்கினால் பேன்ட் நனைந்திருக்கிறது! செவ்வாய்க்கிழமை லிஃப்டுக்குப் போகிற வரைக்கும் பையைப் பின்னால் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

திருமங்கலத்தில் சோபா, டிராக்டர் சீட் எல்லாம் கட்டும் பெரியவர் ஒருவரிடம் நண்பன் கூட்டிப்போனான். ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒவ்வொரு பின்னாக நெம்பி எடுத்தார். மூன்று வாரம்கூட ஆகவில்லை, பாதிப் பின் துருப்பிடித்திருந்தது. ரெக்சினைத் தூக்கியதும் ஜெல் வெளியே வந்தது. டிவி, ஃபிரிட்ஜ் பெட்டிக்குள் சுற்றி வருமே, அந்த வெள்ளை ஷீட். இரண்டாக மடித்து வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே பச்சை, ரோஸ், மஞ்சள் என்று கலர் கலராகத் துணுக்குகள் ஒட்டிய ஒரு பலகை. என்னுடைய கம்பெனி ஃபோமை நடுவில் குடைந்து எடுத்துவிட்டு இதைச் செருகியிருந்தார்கள். பெரியவர் பிழிந்து காட்டினார், தண்ணீர் சொட்டியது.

"இது ரீபாண்டு தம்பி. வெட்டி மிஞ்சின தூளைப் பசை போட்டு அமுக்குனது. கட்டிலுக்கு அடியில போடலாம்."

80 டென்சிட்டி என்றாரே என்று கேட்டேன். அது பொய்யில்லை என்றார். டென்சிட்டி என்பது எடைக் கணக்கு. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ இருக்கும் என்பது மட்டும்தான். மெத்தென்று இருக்குமா, கல்லாக இருக்குமா என்று அது சொல்லாது. சோபாவுக்குப் போடும் நல்ல ஃபோம் 40-ஐ ஒட்டி இருக்கும். தூளை அமுக்கிச் செய்த ரீபாண்ட் அதைவிட இரண்டு மடங்கு எடை நிற்கும், விலையோ குறைவு. நம்மிடம் பெரிய நம்பரைச் சொல்லி மயக்கிவிடுகிறார்கள். கட்டைவிரல் சோதனையும் அப்படித்தான். விரலுக்கு இறங்குவது மேலே இருக்கும் அரை இஞ்ச்தான். என் 84 கிலோ ஏறியதும் அது நசுங்கி, எலும்பு நேராகப் பலகையில் போய் நிற்கிறது. உண்மையான ஜெல் பேட் என்றால் கையில் எடுத்தாலே கனமாக இருக்குமாம்.

தண்ணீருக்குக் காரணம் அந்த டைமண்ட் தையல். ஊசி இறங்கிய ஒவ்வொரு இடமும் ஓட்டை, அதுவும் சரியாக உட்காரும் இடத்தில். கம்பெனிச் சீட்டில் தையல் பெரும்பாலும் ஓரமாகப் போவதைக் கவனித்திருப்பீர்கள்.

எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். "உங்க வெயிட்டுக்கு எந்தச் சீட்டா இருந்தாலும் அமுங்கத்தான் சார் செய்யும்" என்றார் கூசாமல். வெட்டி எடுத்த ஃபோமையாவது கொடுங்கள் என்றால், "அதெல்லாம் அன்னைக்கே குப்பைக்குப் போயிருச்சு." நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் சொல்லலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் வழக்கும் போடலாம். ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம்கூடக் கிடையாது. கையில் ஜிபே ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான் இருக்கிறது, அதில் கடைப் பெயரே இல்லை, யாரோ ஒரு பெண்ணின் பெயர் வருகிறது. இருந்தாலும் போட்டுப் பார்க்கப் போகிறேன்.

பெரியவர் சொன்னபடி அதே மாடல் பழைய சீட் ஒன்றை 1,200-க்குத் தேடிப் பிடித்தேன். பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு என்னை உட்காரவைத்துத்தான் வேலை பார்த்தார். முன்பக்கத்து மூக்கைக் கொஞ்சம் இழைத்தார், உட்காரும் இடத்தைத் தட்டையாக்கி அகலப்படுத்தினார், தொடை படும் விளிம்பை மழுக்கினார். பின் அடிக்காமல் இருபது நிமிஷம் என்னை அதில் உட்காரவைத்து, எங்கே உறுத்துகிறது என்று கேட்டு அங்கே மட்டும் இன்னும் கொஞ்சம் சீவினார். ஜெல் வைக்கலாமா என்றேன். "நம்ம ஊர் வெயிலுக்கு அது சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும் தம்பி, வேண்டாம்." கூலி 900.

போன வாரம் கோவில்பட்டி வரை, நூறு கிலோமீட்டர், இறங்காமல் போனேன். பின்சீட்டு மட்டும் இன்னும் லேசாகச் சரிகிறது என்கிறாள் மனைவி. ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு திருமங்கலம் போக வேண்டும்.