பாடியா கொண்டு வர்றதா, அஸ்தியா கொண்டு வர்றதா?

வெளிநாட்டுல ஒருத்தர் இறந்துட்டா வீட்டுல இருக்கறவங்க முதல்ல கேக்கறது "பாடி எப்ப வரும்"னுதான். அந்த நேரத்துல வேற எதுவும் மண்டையில ஏறாது. ஆனா அதுக்கு முன்னாடியே ஒரு முடிவு எடுக்கணும், உடம்பாவே கார்கோல கொண்டு வரப்போறோமா, இல்ல அங்கயே தகனம் பண்ணி அஸ்தியா எடுத்துட்டு வரப்போறோமான்னு. எங்க குடும்பத்துல ரெண்டுமே நடந்திருக்கு, ரெண்டு தடவையும் பேப்பர் வேலைக்கு அலைஞ்சது நான்தான், அதனால சொல்றேன்.

அலைச்சலை மட்டும் பாத்தா அஸ்திதான் சுலபம், சந்தேகமே இல்ல. மொத்தமே 2லருந்து 3 கிலோதான் இருக்கும், பல ஏர்லைன்ல கைப்பையிலயே வெச்சுக்க விடுவாங்க. இறப்புச் சான்றிதழும் தகனம் பண்ணின சான்றிதழும் கையில இருக்கணும், போற நாடு வேற ஏதாவது கேக்குதான்னு தூதரகத்துல ஒரு வார்த்தை கேட்டுக்கணும். கலசம் மட்டும் கவனம். கனமான உலோகக் கலசம்னா எக்ஸ்ரேல உள்ள இருக்கறது தெரியாது, தெரியலைன்னா செக்யூரிட்டில விடமாட்டாங்க, மரியாதைக்காக திறந்தும் பாக்கமாட்டாங்க, அங்க நின்னு அழுது பிரயோஜனம் இல்ல. மரம் இல்லன்னா பிளாஸ்டிக்ல வாங்கிட்டு, பிடிச்ச கலசத்துக்கு ஊருக்குப் போய் மாத்திக்கலாம். கூரியர்ல அனுப்பலாமேன்னு நினைக்காதீங்க, நிறைய கூரியர் கம்பெனி இதை எடுக்கறதே இல்ல.

ஆனா தகனம் பண்ணிட்டா திரும்ப வழி இல்ல. சாவுல கொஞ்சமாவது சந்தேகம் இருந்தா, ஊர்ல இன்னொரு போஸ்ட்மார்ட்டம் பண்ணணும்னு யாராவது நினைச்சா, அஸ்தியை வெச்சு ஒண்ணும் பண்ணமுடியாது. அவருக்கு பேஸ்மேக்கர் இருந்தா அதை முன்னாடியே சொல்லிடணும், எடுக்காம எரிச்சா அந்த சூட்டுல வெடிக்கும். இதெல்லாத்தையும் விட, முகத்தை ஒரு தடவை பாக்கணும்னு காத்துட்டிருக்கற அம்மாகிட்ட ஒரு கலசத்தைக் கொடுக்கறது எவ்வளவு கஷ்டம்னு கொடுத்தவங்களுக்குத்தான் தெரியும்.

பாடியா கொண்டு வர்றதுன்னா வேலை வேற மாதிரி. பெரும்பாலும் எம்பாமிங் பண்ணணும், அதாவது ரத்தக்குழாய் வழியா ஃபார்மலின் கலந்த திரவத்தை ஏத்துவாங்க. அதுக்கு ஒரு சர்டிபிகேட், தொத்துநோய் இல்லைன்னு ஒண்ணு, பெட்டிக்கு சீல் வெச்சதுக்கு ஒண்ணு, ஆட்சேபணை இல்லைன்னு தூதரகம் கொடுக்கற என்ஓசி, ரத்து பண்ணின பாஸ்போர்ட், நாட்டுக்கு நாடு கூடக்குறைய இருக்கும். எல்லாத்துலயும் பேர் ஒரே மாதிரி இருக்கணும். எங்களுக்கு ஒரு பேப்பர்ல இனிஷியலை விரிச்சு எழுதிட்டாங்க, பாஸ்போர்ட்ல வெறும் எழுத்துதான் இருந்துச்சு, அதை சரிபண்ண ஒரு நாள் முழுசா போச்சு.

பெட்டி பத்தி யாரும் விளக்கமா சொல்றதில்ல. ஐரோப்பிய நாடுகளுக்கு நடுவுல 1973ல போட்ட ஸ்ட்ராஸ்பர்க் ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கு, அதுல ரெண்டு வகை சொல்லியிருக்காங்க: வெளிய குறைஞ்சது 20 மில்லிமீட்டர் மரம், உள்ள பத்தவெச்ச, அதாவது சால்டர் பண்ணி மூடின, துத்தநாகப் பெட்டி, இல்லன்னா 30 மில்லிமீட்டர் மரத்துல உள்பக்கம் துத்தநாகத் தகடு. விமானம் ஏறும்போது கார்கோ பகுதிலயும் காத்தழுத்தம் குறையும், அதனாலதான் கசியாத பெட்டி, தேவைப்பட்டா அழுத்தத்தை சமன்பண்ற ஒரு அமைப்பு. இங்கதான் ஒரு விஷயம் கேட்டுக்கணும். தகடை பத்தவெச்சுட்டா ஊருக்குப் போய் வெட்டித்தான் திறக்கணும், சில இடத்துல திறக்கவே விடமாட்டாங்க. முகம் பாக்கணும்னா சீல் வைக்கறதுக்கு முன்னாடியே சொல்லுங்க, மூடியில கண்ணாடி வெச்ச பெட்டியும் கிடைக்கும். ஊர்ல தகனம்தான்னா அதையும் சொல்லிடுங்க, துத்தநாகத்தோட தகன மேடைக்குள்ள அனுப்பமுடியாது.

கார்கோல சாதாரண சாமானா போட்டு அடைச்சிடுவாங்களோன்னு எனக்கு ஒரு பயம் இருந்துச்சு. அப்படி இல்ல. மனித உடலுக்குன்னு தனி குறியீடு இருக்கு, ஹெச்-யு-எம். சாப்பாட்டுப் பொருள் பக்கத்துல வைக்கக்கூடாது, மேல எதையும் அடுக்கக்கூடாது, படுத்த நிலையிலயேதான் வைக்கணும். எம்பாமிங் வேண்டாம்னு நம்பிக்கை உள்ளவங்க டிரை ஐஸ் வெச்சு அனுப்பலாம், ஆனா அது உருகாம கார்பன் டை ஆக்சைடா மாறுறதால ஆபத்தான சரக்கு லிஸ்ட்ல வருது, எவ்வளவு கிலோன்னு எழுதிக் கொடுக்கணும், எல்லா நாடும் ஏத்துக்கவும் செய்யாது, ஒரே ஃபிளைட்ல போய்ச் சேர்ற தூரம்னா மட்டும் யோசிங்க.

அடுத்து டைரக்ட் ஃபிளைட்டா கனெக்‌ஷனா. ஒரு நாள் லேட் ஆனாலும் டைரக்ட்தான், இதுல நான் யார் சொன்னாலும் மாறமாட்டேன். நடுவுல இறக்கி ஏத்தினா இன்னும் நாலு கை மாறும், அந்த நாட்டோட அனுமதி வேற தேவைப்படலாம், முதல் ஃபிளைட் லேட் ஆச்சுன்னா பெட்டி யாருமே இல்லாத கிடங்குல ஒரு ராத்திரி கிடக்கும். கடைசி ஊருக்குப் போற சின்ன விமானத்துல பெட்டி கதவுக்குள்ள நுழையாமயும் போகலாம், அந்த தூரத்துக்கு ஆம்புலன்ஸ் பேசிடுங்க. ஏஜென்ட் இல்லாம நாமளே புக் பண்ணலாமான்னா, பல ஏர்லைன் அங்கீகாரம் உள்ள ஏஜென்ட்கிட்ட இருந்து மட்டும்தான் வாங்குவாங்க, அந்த செலவை மிச்சம் பிடிக்கப் பாக்காதீங்க.

என்னைக் கேட்டா, வீட்டுல யாராவது ஒருத்தர் பாக்கணும்னு சொன்னாக்கூட பாடியாவே கொண்டு வாங்க. யாரும் சொல்லலைன்னா, இறந்தவருக்கும் தகனம் சம்மதம்னா அஸ்தி, அதை ரத்த சொந்தம் ஒருத்தர் மடியில வெச்சு கொண்டு வரட்டும்.

ஏர்வே பில், அதாவது விமான சரக்கு ரசீது, அதோட நம்பர் 11 இலக்கம், வாங்கினதும் ஊர்ல பெட்டி எடுக்கறவருக்கு அனுப்பிடுங்க, அதை வெச்சுத்தான் எங்க இருக்குன்னு பாக்கமுடியும். பெட்டி பயணிங்க வர்ற வாசல்ல வராது, கார்கோ டெர்மினல்ல வரும். எங்க ஆளுங்க மாலையோட பயணிங்க வாசல்லயே நின்னுட்டிருந்தாங்க, பெட்டி கார்கோ பக்கம் சாக்கு சுத்தி, மேல பேர் ஒட்டி, தனியா இருந்துச்சு. பேக்கிங்கோட சேத்து 100 கிலோவைத் தாண்டும், தூக்க ஆறு பேராவது போங்க.