லண்டன் போக அனுமதி எடுத்துத் தருகிறோம் என்று 1,480 வெள்ளி வாங்கிய கடை: நம் ஊர்க்காரர்கள் தயவுசெய்து படியுங்கள்

சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடு என்றால் கட்டாயம் படியுங்கள், படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

மலேசியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் பிள்ளையைப் பார்க்கவோ ஊர் சுற்றவோ ஆறு மாதத்துக்குள் பிரிட்டனுக்குப் போய் வர விசா தேவையில்லை. 2025 ஜனவரி 8-லிருந்து ஈடிஏ என்ற மின்னியல் பயண அனுமதி மட்டும் வேண்டும். ஆரம்பத்தில் அதற்கு 10 பவுண்டு, 2025 ஏப்ரலில் 16 பவுண்டு ஆக்கினார்கள். அப்போது நம் காசுக்கு ஆளுக்கு நூறு வெள்ளிகூட வரவில்லை. ஒருமுறை எடுத்தால் இரண்டு வருடம் செல்லும், எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம். இந்த அனுமதிக்குத்தான் பட்டணத்தில் ஒரு கடை என் அம்மா அப்பாவிடம் 1,480 வெள்ளி வாங்கியது. வாங்கிக்கொண்டு தப்பாகவும் போட்டுக் கொடுத்தது. அம்மாவைக் கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்தில் திருப்பி அனுப்பினார்கள்.

கடையின் பேரை இங்கே போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அது முடியட்டும். எந்த மாதிரிக் கடை என்று மட்டும் சொல்கிறேன். ரோட் டேக்ஸ், மோட்டார் இன்சூரன்ஸ் புதுப்பிப்பார்கள், பிளேன் டிக்கெட் போடுவார்கள், அரசாங்க பாரம் நிரப்பித் தருவார்கள், கண்ணாடிக் கதவில் எல்லா நாட்டுக் கொடியும் ஒட்டியிருக்கும். இந்த மாதிரிக் கடை எல்லாப் பட்டணத்திலும் இருக்கிறது.

என் தங்கை லீட்ஸில் நர்ஸ். தலைப்பிரசவம். அம்மா வருவாள் என்று கர்ப்பமான நாளிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா இருட்டோடு எழுந்து ரப்பர் பால் வெட்டி எங்களைப் படிக்க வைத்தவள். இந்தப் பயணத்துக்காகக் கூட்டு, அதாவது சீட்டுக் கட்டி, தன் முறை வந்ததும் எடுத்த பணம் அது. அதிலிருந்துதான் 1,480 வெள்ளியை எண்ணிக் கொடுத்தாள்.

கடையில் உட்கார்ந்திருந்த தம்பி எங்களை எப்படி நம்ப வைத்தான் என்று சொல்ல வேண்டும். அப்பாவைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான். "எந்தத் தோட்டம் ஐயா?" என்று கேட்டான். அப்பா சொன்னதும், "எங்க தாத்தாவும் அங்கதான் பால் வெட்டினாரு. ரெண்டாவது லயம். தோட்டத்து ஆளுங்ககிட்ட நான் லாபம் பாக்கறதில்லை" என்றான். அம்மாவுக்கு முகமே மலர்ந்துவிட்டது. லயத்தில் யார் யார் இருந்தார்கள், கோயில் திருவிழாவில் யார் காவடி எடுத்தார்கள் என்று பேச ஆரம்பித்துவிட்டாள். அவனும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். மைலோ வாங்கி வரச் சொன்னான். இரண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கி மேசையில் வைத்து, போனில் படம் எடுத்துக்கொண்டான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் புதுப் பாஸ்போர்ட் அவன் கையில் இருந்தது, அதை அவன் படமும் எடுத்தான். நான் பக்கத்திலேயே நின்றேன்.

பிறகு கணக்குச் சொன்னான். "லண்டன் விசா இப்ப ரொம்ப ஸ்ட்ரிக்ட் அக்கா. பிப்ரவரி 25-க்கு மேல இது இல்லாம பிளேன்ல ஏத்த மாட்டாங்க. நாமளா போட்டா ரிஜெக்ட் ஆயிரும். ரிஜெக்ட் ஆனா அஞ்சு வருஷம் போக முடியாது. எக்ஸ்பிரஸ்ல போட்டா ஒரு ஆளுக்கு 740." அவன் சொன்னதில் அந்தத் தேதி மட்டும் உண்மை. 2026 பிப்ரவரி 25-லிருந்து ஈடிஏ இல்லாதவரை விமானத்தில் ஏற்றக் கூடாது என்பதைப் பிரிட்டன் கண்டிப்பாக்கியது. அந்த உண்மையோடு மற்றப் பொய்களையும் சேர்த்துச் சொன்னான். இது விசாவே இல்லை. எக்ஸ்பிரஸ் என்று தனிக் கட்டணமும் கிடையாது. சாதாரணமாகவே மூன்று வேலை நாளுக்குள் பதில் வரும், பல பேருக்கு அதற்கும் முன்னாலேயே வந்துவிடுகிறது.

இன்னொன்று என்னை இப்போதுகூட உறுத்துகிறது. அந்த விண்ணப்பத்தில் குற்றப் பின்னணி உண்டா, பயங்கரவாதத் தொடர்பு உண்டா என்றெல்லாம் கேள்விகள் இருக்கின்றன. விண்ணப்பிப்பவர் உண்மை சொல்ல வேண்டிய இடம் அது. அம்மாவிடமோ அப்பாவிடமோ அதில் ஒரு கேள்விகூட அவன் கேட்கவில்லை. அவர்கள் பேரில் அவனே என்னவோ பதில் போட்டிருக்கிறான். ஈமெயில் முகவரியும் கடையுடையதே. அதனால் அங்கிருந்து வந்த கடிதம் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. கடைசியில் எங்கள் கையில் கிடைத்தது, மேலே பிரிட்டிஷ் கொடி போட்டு, பேரும் "அனுமதி கிடைத்தது" என்ற வரியும் அச்சடித்து, லேமினேட் செய்த இரண்டு தாள். அதில் பாஸ்போர்ட் எண்ணே இல்லை. அம்மா அதைச் சாமி மேடையில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பைக்குள் வைத்தாள்.

விமான நிலையத்தில் என்ன நடந்தது என்றால், ஈடிஏ தாளில் இல்லை, பாஸ்போர்ட் எண்ணோடு கணினியில் கட்டப்பட்டிருக்கிறது. கவுண்டரில் பாஸ்போர்ட்டை வைத்தால் அவர்களுக்குத் திரையில் தெரிந்துவிடும். அப்பாவுக்கு வந்தது. அம்மாவுக்கு இல்லை. கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் நல்ல பிள்ளை. மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தாள், மேலதிகாரியைக் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, இந்தப் பாஸ்போர்ட்டுக்கு அனுமதி எதுவும் இல்லை" என்றாள். அம்மா லேமினேட் தாளை எடுத்து நீட்டினாள். அது எதற்கும் உதவாது என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லத் தயக்கம். கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

நான் கடைக்குப் போன் அடித்தேன். "ஏர்லைன் சிஸ்டம் ஸ்லோ லா அக்கா, வெயிட் பண்ணுங்க, வந்துரும்" என்றான். வரவில்லை. மறுபடி அடித்தால் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பார்த்ததற்கு நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. அம்மா அப்பாவைப் பார்த்து, "நீங்களாவது போங்க, புள்ள தனியா இருக்கா" என்று அழுதாள். அப்பா போக மறுத்துவிட்டார்.

என் மகன் அங்கேயே தரையில் உட்கார்ந்து, பிரிட்டிஷ் அரசாங்கத்தின் யுகே ஈடிஏ செயலியைப் போனில் இறக்கினான். பாஸ்போர்ட்டைப் படம் எடுக்கச் சொன்னது, அதில் இருக்கும் சிப்பை போனாலேயே படித்தது, அம்மாவின் முகத்தைப் படம் எடுத்தது, கேள்விகளைக் கேட்டது, கார்டில் 16 பவுண்டு எடுத்துக்கொண்டது. ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. இதற்குத்தான் அந்தக் கடை ஆளுக்கு 740 வெள்ளி வாங்கியது! அனுமதி அன்று ராத்திரியே வந்துவிட்டது. ஆனால் விமானம் போய்விட்டது. டிக்கெட் மாற்ற இரண்டு பேருக்கும் சேர்த்து 2,640 வெள்ளி. ஏற்கெனவே போன 1,480 வெள்ளியோடு 4,120. வேனுக்கும் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கியதற்கும் கொடுத்தது தனி. அம்மா லீட்ஸ் போய்ச் சேருவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. பிள்ளை பெறும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் கிழவி கூட்டுக் கட்டினாள். அந்த நேரத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

ஊருக்குத் திரும்பியதும் நேராகக் கடைக்குப் போனேன். அவன் இல்லை. "பாஸ் ஈப்போ போயிருக்கார்" என்றாள் வேலைக்கு இருக்கும் பெண். நான் நகரவில்லை. பயந்துபோய் அவளே கணினியில் அம்மாவின் விண்ணப்பத்தைத் திறந்து காட்டினாள். அம்மாவின் பழைய பாஸ்போர்ட் எண் இருந்தது! முன்பு அம்மா தமிழ்நாட்டுக்குக் கோயில் யாத்திரை போனபோது இதே கடையில்தான் இந்திய ஈவிசா போட்டோம். அந்தப் பழைய நகலைக் கணினியிலிருந்து எடுத்து அப்படியே நிரப்பியிருக்கிறார்கள். மேசையில் புதுப் பாஸ்போர்ட் இருந்தும், படம் எடுத்தும், அதைத் திறந்து பார்க்கக்கூட இல்லை. பாஸ்போர்ட் மாறினால் புதிதாக ஈடிஏ எடுக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்குத் தெரியாதா?

கடைசியில் அவன் கிடைத்தபோது ஆளே மாறியிருந்தான். "அம்மா புது பாஸ்போர்ட்டுன்னு சொல்லலையே அக்கா." உன் போனில் படம் இருக்கிறதே, எடு என்றேன். போன் மாற்றிவிட்டானாம். "காசு பிரிட்டிஷ் அரசாங்கத்துக்குப் போயிருச்சு." ரசீது காட்டு என்றேன். இல்லை. "நாங்க வாங்கினது சர்வீஸ் சார்ஜ், ரீபண்ட் கிடையாது, பில்லுலயே போட்டிருக்கு." எந்த வேலைக்குச் சர்வீஸ் சார்ஜ் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, "நம்ம ஆளுங்க, 150 வெள்ளி தரேன், முகநூல்ல மட்டும் போட்டுறாதீங்க" என்றான். 1,480 வாங்கியவன் 150 தருகிறானாம். தோட்டத்து ஆளுங்ககிட்ட லாபம் பாக்கறதில்லை என்று சொன்னதும் இதே வாய்தான்.

நான் அங்கே நிற்கும்போதே ஒரு பெரியவர் வந்தார். பேத்தி கல்யாணத்துக்குச் சென்னையிலிருந்து சொந்தக்காரர்கள் வருகிறார்கள், அவர்களுக்கு மலேசிய வருகை அட்டை போட வேண்டும், ஆளுக்கு 60 வெள்ளி கொண்டுவரச் சொன்னார்கள் என்றார். ஐயா, அது இலவசம்! மலேசியக் குடிநுழைவுத் துறையின் எம்டிஏசி அட்டைக்கு ஒரு காசு கிடையாது. வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் அவர்களே போனில் நிரப்பலாம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு 30 நாள் வரைக்கும் விசாவும் வேண்டாம், 2023 டிசம்பரில் தொடங்கிய அந்தச் சலுகை 2026 கடைசி வரை இருக்கிறது. அங்கேயே சொன்னேன். அவர் பணத்தைச் சட்டைப் பையில் திருப்பி வைத்துக்கொண்டு போனார். கடைக்காரன் முறைத்தான். முறைக்கட்டும்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன். கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

பிரிட்டன் போவதென்றால் யுகே ஈடிஏ செயலி, இல்லையென்றால் கவ் டாட் யுகே (gov.uk) என்ற அரசாங்கத் தளம், வேறு எங்கும் வேண்டாம். கூகுளில் தேடினால் முதலில் விளம்பரமாக வருவது அரசாங்கத் தளம் மாதிரியே இருக்கும், அதுவும் இதே கூட்டம்தான். கைக்குழந்தைக்கும் தனி ஈடிஏ வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கும் அரசாங்கச் செயலி இருக்கிறது, 20 டாலர். கொரியாவின் கே ஈடிஏ 10,000 வொன். தாய்லாந்தின் டிடிஏசி என்ற வருகை அட்டை, சிங்கப்பூர் வருகை அட்டை இரண்டும் இலவசம். கட்டணம் மாறும், போகும் முன் அந்தந்த அரசாங்கப் பக்கத்திலேயே பாருங்கள். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று தனியாக இல்லை, பேர் எழுதும் இடத்தில் நிதானமாகப் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதுங்கள். யாராவது உதவி செய்தாலும் ஈமெயில் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுடையதாக இருக்கட்டும். பாஸ்போர்ட் நகலைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

இணையத்தில் போலித் தளத்துக்குக் காசு கட்டிவிட்டால் உடனே வங்கிக்கும் இணைய மோசடிப் புகார் எண்ணான 997-க்கும் போன் அடியுங்கள். கடையில் ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனுப் போட 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும்.

நான் பாரம் எடுத்துவிட்டேன். 1,480 வெள்ளிக்கான பில், லேமினேட் தாள், வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன், டிக்கெட் மாற்றிய 2,640-ஐயும் சேர்த்தே கேட்கப் போகிறேன். நம் பட்டணத்தில் இதே மாதிரி லண்டன் அனுமதி, வருகை அட்டை என்று காசு கொடுத்தவர்கள் யாராவது இருந்தால், பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். படம் எடுத்து எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். திங்கட்கிழமை மனுப் போடுகிறேன்.