லிஸ்பன் பழைய நகரில் ஐந்து இரவுகள்: படிகளை எண்ணிப் பார்த்து விடுதி எடுங்கள்

கடந்த பெப்ரவரி மாதம் நானும் மனைவியும் என் அக்காவும் போர்த்துக்கல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் ஐந்து இரவுகள் தங்கினோம். பாத்திமா அன்னையின் திருத்தலத்தைத் தரிசிக்க வேண்டும், அந்தோனியார் பிறந்த இடத்தில் ஒரு மெழுகுதிரி ஏற்ற வேண்டும் என்பது அக்காவின் நெடுநாள் நேர்த்தி. அவருக்கு 71 வயது. இரண்டு முழங்கால்களிலும் வலி உண்டு. மட்டக்களப்பிலிருந்து இதே நேர்த்தியோடு புறப்பட ஆயத்தமாகும் குடும்பங்கள் சிலவற்றை நான் அறிவேன். நாங்கள் தங்கிய விடுதியில் எது நன்றாக இருந்தது, எது எங்களை வருத்தியது, எதை முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும் என்பவற்றை அவர்களுக்காகவே விரிவாக எழுதுகிறேன்.

விடுதி இருந்த இடம் அல்பாமா என்னும் பழைய பகுதி. பேராலயத்திலிருந்து மேலே ஏறும் சரிவில், இருவர் தோளோடு தோள் உரசிக்கொண்டு நடக்கக்கூடிய ஒரு சந்துக்குள் அது அமைந்திருந்தது. 1755 ஆம் ஆண்டு நவம்பர் 1 ஆம் திகதி, அனைத்துப் புனிதர் திருநாளன்று, மக்கள் ஆலயங்களில் கூடியிருந்த காலை வேளையில் லிஸ்பனைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அதைத் தொடர்ந்து ஆழிப்பேரலையும் தீயும் வந்து நகரின் பெரும்பகுதியை அழித்தன. அதில் பெரிதும் தப்பிய பகுதி அல்பாமா என்பதால், அங்கே சந்துகளும் படிக்கட்டுகளும் பழைய அமைப்பிலேயே இருக்கின்றன. விடுதிக்காரர் இந்த வரலாற்றைச் சொன்னபோது, 2004 ஆழிப்பேரலையில் கல்லடியிலும் நாவலடியிலும் உறவுகளை இழந்த ஊரிலிருந்து வந்த நாங்கள் மூவரும் சிறிது நேரம் பேசாமல் நின்றோம். இழப்பின் அளவை எங்களுக்கு விளக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. அழிந்துபோன கீழ்ப்பகுதியைப் பொம்பால் என்ற அமைச்சர் நேரான தெருக்களாகவும், நிலநடுக்கத்தைத் தாங்கக்கூடிய மரச்சட்டகம் உள்ளே வைத்த கட்டடங்களாகவும் மீளக் கட்டுவித்தார். பைஷா எனப்படும் அந்தப் பகுதி சமதரை. முழங்கால் வலியுள்ள ஒருவரோடு போகிறவர்கள் முதலில் தேட வேண்டியது பைஷாவில்தான் என்பதை நாங்கள் அங்கு போன பிறகே அறிந்தோம்.

முற்பதிவுத் தளத்தில் "மின்தூக்கி உண்டு" என்றே எழுதியிருந்தார்கள். மின்தூக்கி இருந்தது உண்மைதான். ஆனால் தெருவாசலிலிருந்து அதை அடைவதற்கு 17 கற்படிகள் ஏற வேண்டும். அது இரண்டு பேர் ஒடுங்கி நிற்கக்கூடிய, பெட்டியை வைத்தால் ஆள் நிற்க முடியாத சிறு கூடு. இரண்டாம் நாள் காலை அதுவும் பழுதடைந்தது. அக்காவின் அறை நான்காம் மாடியில் இருந்தது. அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியிலும் இரு கால்களையும் ஊன்றி இறங்கியதை நினைத்தால் இப்போதும் மனம் பாரமாகிறது. முறையிட்டவுடன் வரவேற்பு மேசையிலிருந்த பெண் மன்னிப்புக் கேட்டு, அரை மணி நேரத்துக்குள் முதலாம் மாடியில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார். அக்காவின் பெட்டியைத் தாமே தூக்கி வந்தார். குறை அவர்களுடையது என்றாலும் அதைத் தீர்த்த விதத்துக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

ஆகவே பழைய நகரொன்றில் விடுதி எடுக்கும்போது மின்தூக்கி உண்டா என்று மட்டும் கேட்பது போதாது. தெருவிலிருந்து மின்தூக்கி வரை எத்தனை படிகள், மின்தூக்கி வேலை செய்யாவிட்டால் கீழ்மாடியில் அறை தர முடியுமா, வாடகை வண்டி வாசல் வரை வருமா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் விடுதிக்கு வண்டி வரவில்லை. ஏறத்தாழ 150 மீற்றர் தூரம் சரிவான கற்பாதையில் பெட்டிகளை இழுத்தோம். அந்தப் பாதைகள் சிறு சுண்ணக்கற்களைக் கையால் பதித்துச் செய்யப்பட்டவை. கறுப்பும் வெள்ளையுமாகக் கோலம் போட்டது போல் அழகாக இருக்கும். ஆனால் காலடி பட்டுப் பட்டு வழுவழுப்பாகிவிட்டதால், மழை விழுந்தால் பாசி படர்ந்த குளத்துப் படிக்கட்டைப் போல வழுக்கும். பெப்ரவரி அங்கே மழைக்காலம் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். செருப்போடு போகவே கூடாது. அடியில் நல்ல பிடிப்புள்ள சப்பாத்து வேண்டும்.

சப்பாத்து என்று எழுதும்போது அக்காவின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. அறைக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு பொருளாகக் காட்டி அதற்குப் போர்த்துக்கீச மொழியில் என்ன பெயர் என்று வரவேற்பு மேசைப் பெண்ணிடம் கேட்டார். கதிரையைக் காட்டினால் கடெய்ரா என்றார். மேசைக்கு மேசா, யன்னலுக்கு ஜனேலா, அலுமாரிக்கு அர்மாரியு, துவாய்க்குத் துவால்யா, காலிலிருந்த சப்பாத்துக்குச் சப்பாத்து என்றே சொன்னார். "தம்பி, இந்த அறைக்குள்ள இருக்கிற சாமானெல்லாம் நம்மட பேராத்தானே இருக்கு!" என்று அக்கா கட்டிலில் உட்கார்ந்து சிரித்தார். உண்மையில் பேர் அவர்களுடையது. 1628 இல் மட்டக்களப்பின் புளியந்தீவில் கோட்டை கட்டிய போர்த்துக்கீசர் பத்தே ஆண்டுகளில், 1638 இல், அதை ஒல்லாந்தரிடம் இழந்து போனார்கள். ஆனாலும் அவர்கள் நம் கரையோரங்களில் விட்டுச்சென்ற சொற்கள் வீட்டுக்குள் இன்னமும் இருக்கின்றன. எங்கள் ஊர்ப் பறங்கியர் குடும்பங்களில் அந்த மொழியின் ஒரு வடிவம் இன்றும் பேசப்படுவதை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது அவர் வியந்து, உடன் வேலை செய்பவர்களையும் அழைத்து எங்களை மறுபடி சொல்லச் செய்தார். ஆங்கிலம் தடுமாறும் நம் மூத்தவர்கள் அங்கே கூச்சப்படத் தேவையில்லை. துவாய் வேண்டும் என்றால் துவாய் என்றே கேட்கலாம். எங்கள் அக்காவுக்கு அப்படிக் கேட்டே கிடைத்தது. நன்றி சொல்ல ஆண்கள் ஒப்ரிகாடோ என்றும் பெண்கள் ஒப்ரிகாடா என்றும் சொல்ல வேண்டும்.

அறை சிறியது, சுத்தமானது, சுவரின் கீழ்ப்பாதியில் நீலமும் வெள்ளையுமான ஓடுகள் பதித்தது. குறை குளிர்தான். லிஸ்பனில் பனி கொட்டுவதில்லை, ஐரோப்பாவிலேயே மிதமான குளிர்காலம் உள்ள நகரங்களில் அதுவும் ஒன்று என்று கேட்டு நாங்கள் ஏமாந்துவிட்டோம். வடக்கு நாடுகளில் உள்ளது போல் கட்டடம் முழுவதையும் சூடாக்கும் ஏற்பாடு அங்குள்ள பழைய வீடுகளில் பெரும்பாலும் கிடையாது. தடித்த கற்சுவர் குளிரைத் தனக்குள் வைத்திருந்து இரவு முழுவதும் விடுகிறது. வெளியில் வெயிலில் நிற்பதை விட அறைக்குள் இருப்பது குளிராக இருந்தது. எங்கள் அறையில் சக்கரம் வைத்த மின்சூடேற்றி ஒன்று இருந்தது. அது அறையைச் சூடாக்க இரண்டு மணி நேரம் எடுத்தது. மார்கழி மழைக்கே போர்த்திக்கொண்டு படுக்கும் நமக்கு இது போதாது. மாலையில் வெளியே போகும்போதே சூடேற்றியைப் போட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டு அனுமதி பெறுங்கள். மேலதிகக் கம்பளியை முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.

குளியலறையைப் பற்றி இரண்டு விடயங்கள். தரையில் நீர் வடிகிற துவாரம் இல்லை; நம் வீட்டில் போல் வாளியில் அள்ளி ஊற்றினால் தண்ணீர் அறைக்குள் வந்துவிடும், ஆகவே தொட்டிக்குள் நின்றே குளிக்க வேண்டும். கழிப்பறையில் கழுவுவதற்கான தாழ்வான தனிப் பீங்கான் தொட்டி போர்த்துக்கல் விடுதிகளில் பரவலாக உண்டு என்பது நம்மவர்களுக்கு ஆறுதலான செய்தி. ஆயினும் ஒரு சிறு பிளாஸ்ரிக் கோப்பையைப் பெட்டிக்குள் வைத்துக்கொள்வது நல்லது. மின்சாரம் நம் நாட்டைப் போலவே 230 வோல்ற். இரண்டு உருண்டை முனை உள்ள மாற்றுச் செருகி ஒன்று மட்டும் போதும்.

காலை உணவில் பாண் இருந்தது. அதையும் அவர்கள் ஏறத்தாழ அப்படியேதான், மூக்கால் ஒலித்து, சொல்கிறார்கள். பாற்கட்டி, முட்டை, பழங்கள், கோப்பி எல்லாம் தாராளம். மெல்லிய தாளாக வெட்டி வைக்கும் இறைச்சி பெரும்பாலும் பன்றி என்பதால், உண்ணாதவர்கள் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். பச்சைக் கீரைச் சூப்பிலும் பன்றி இறைச்சித் துண்டொன்று போடுவது அவர்கள் வழக்கம். அறையில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல் இல்லை. விடியற்காலை எழுந்தவுடன் பிளேன் ரீ குடிக்காமல் இருக்க முடியாத என் மனைவிக்கு அது பெரிய குறையாக இருந்தது. இரண்டாம் நாள் சொன்னதும் சமையலறையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். குழாய் நீரைத் தயங்காமல் குடிக்கலாம்.

வெளியே சாப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். உட்கார்ந்தவுடன் நாம் கேட்காமலே பாண், வெண்ணெய், ஒலிவக்காய் என்று மேசையில் வைப்பார்கள். அது இலவசம் அல்ல, தொட்டால் கணக்கில் சேரும். வேண்டாம் என்று திருப்பி அனுப்பலாம், யாரும் கோபிப்பதில்லை. சோறு தேடி அலைய வேண்டியதும் இல்லை, பல கடைகளில் மீனோடு சோறும் வைக்கிறார்கள். உப்பிட்டு உலர்த்திய கொட் மீனை அவர்கள் பலவிதமாகச் சமைக்கிறார்கள். கருவாட்டுக் குழம்பில் வளர்ந்த எங்களுக்கு அது பிடித்துப்போயிற்று, உறைப்புத்தான் போதவில்லை.

பணக் கணக்கில் ஒரு வரி பலருக்கும் தெரிவதில்லை. லிஸ்பன் மாநகராட்சி, 13 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவரிடமும் ஓர் இரவுக்கு 4 யூரோ வீதம், அதிகபட்சம் ஏழு இரவுகளுக்குச் சுற்றுலா வரி அறவிடுகிறது. முற்பதிவில் காட்டும் தொகையில் அது பெரும்பாலும் சேர்வதில்லை. மூவருக்கு ஐந்து இரவுகள், ஆக 60 யூரோ தனியாகக் கட்டினோம். வெளிநாட்டவரின் கடவுச்சீட்டு விபரங்களைப் பதிவது அங்குள்ள விடுதிகளின் கடமை. நம் பெயர்களில் தகப்பன் பெயர் முன்னுக்கு வருவதும், முதலெழுத்தாகச் சுருங்குவதும், மனைவியின் கடவுச்சீட்டில் கணவன் பெயர் இல்லாமல் இருப்பதும் குழப்பத்தைத் தரும். முற்பதிவில் ஒவ்வொருவரின் பெயரையும் கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, எழுதுங்கள். விசா விண்ணப்பத்திலும் அந்த முற்பதிவையே காட்ட வேண்டியிருப்பதால் இது இரட்டிப்பு முக்கியம். விசா தாமதமாகவோ மறுக்கப்படவோ கூடும். கட்டணமின்றி இரத்துச் செய்யக்கூடிய அறையை மட்டுமே எடுங்கள், சில யூரோக்கள் கூடினாலும் பரவாயில்லை. பயணக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

இரவுச் சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அல்பாமா பாடோ என்னும் சோகப் பாடல்களுக்குப் பேர்போன இடம். கீழே ஓர் உணவகத்தில் நள்ளிரவு நெருங்கும் வரை பாட்டு. அக்காவுக்குக் கிடைத்த முதலாம் மாடி அறைதான் அதற்கு நேர் மேலே இருந்தது. ஏறுவதற்கு மேல்மாடி கஷ்டம், தூங்குவதற்குக் கீழ்மாடி கஷ்டம் என்பது இத்தகைய கட்டடங்களில் தவிர்க்க முடியாதது. தெருவைப் பாராமல் பின்முற்றத்தைப் பார்க்கும் கீழ்மாடி அறை இருக்கிறதா என்று கேட்டிருந்தால் இரண்டும் தீர்ந்திருக்கும். யன்னலின் உட்புறத்தில் மரக்கதவுகள் உண்டு; அவற்றையும் சாத்தினால் சத்தம் பாதியாகக் குறைகிறது என்பதை மூன்றாம் இரவுதான் கண்டுபிடித்தோம்.

சுற்றித் திரிவதற்கு இடம் மிக வசதியானது. விமான நிலையம் நகருக்குள்ளேயே இருப்பதால் சிவப்புப் பாதை மெற்றோவில் ஏறி, அலமேடாவில் பச்சைப் பாதைக்கு மாறினால் பைஷாவுக்கு வந்துவிடலாம். பாத்திமாவுக்குச் செத்தே ரியோஸ் நிலையத்திலிருந்து பேருந்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். பேராலயத்துக்கு முன்னால் போகும் 28 ஆம் இலக்க ட்ராமில் எப்போதும் நெரிசல், பணப்பையைத் திருடுவோருக்கும் பேர்போனது. பார்த்து ரசிப்பதோடு நிறுத்துங்கள். மேட்டுக்கு ஏற ஒரு நல்ல வழி இருக்கிறது. பைஷாவில் பங்கேய்ரோஸ் தெருவில் ஒரு கட்டடத்துக்குள் பொதுமக்களுக்கான மின்தூக்கி உண்டு, கட்டணம் இல்லை, ஏறினால் மடலேனா தெருவில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து பேராலயப் பக்கம் நடப்பது அக்காவுக்கு எளிதாக இருந்தது. இதை எங்களுக்குச் சொன்னவர் அறை துப்புரவு செய்யும் அம்மா. வரைபடத்தில் பேனையால் வட்டமிட்டுக் காட்டினார்.

அந்தோனியார் ஆலயம் பேராலயத்துக்கு அருகிலேயே, விடுதியிலிருந்து சில நிமிட நடையில் இருக்கிறது. பாதுவா அந்தோனியார் என்று நாம் அழைத்தாலும் அவர் பிறந்தது லிஸ்பனில். பிறந்த இடமாகக் கருதப்படும் நிலவறை ஆலயத்துக்குக் கீழே உள்ளது. பகலில் கூட்டமாக இருந்தபடியால் நான்காம் நாள் காலையிலேயே போனோம். கீழே இறங்கும் படிகள் ஒடுக்கமானவை. அக்கா நின்று, படிகளைப் பார்த்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வீட்டிலிருந்து எழுதிக் கொண்டுவந்த பெயர்களை, அயலவர்களின் பெயர்களையும் சேர்த்து, ஒவ்வொன்றாக வாசித்து முடிக்க அவருக்குக் கால் மணி நேரம் எடுத்தது.

புறப்படும் நாளில் விமானம் விடியற்காலை. காலை உணவுக்கு இன்னும் நேரம் இருந்ததால் முதல் நாள் இரவே மூவருக்கும் பாணும் பழமும் பொதி செய்து, பெயர் எழுதி, வரவேற்பு மேசையில் வைத்திருந்தார்கள். வாடகை வண்டி நிற்கும் இடம் வரை இரவுக் காவலர் இரண்டு பெட்டிகளைத் தூக்கி வந்தார். அடுத்த முறை போனால் நான் பைஷாவில் சமதரையில்தான் அறை எடுப்பேன். அக்காவிடம் கேட்டால் அதே விடுதி, அதே முதலாம் மாடி, பின்முற்ற அறை என்கிறார்.